மலையூரில் 19 மணி நேரம்: ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கும் முறை

ஜப்பானின் மலைப்பகுதிகளில் உள்ள மரபான வெந்நீர் ஊற்று விடுதிகளில் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு அறை கொடுப்பார்கள். மறுநாள் காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இடையில் இருப்பது 19 மணி நேரம். குளியல், இரவு உணவு, படுக்கை விரிப்பது, காலை உணவு என்று அந்த 19 மணி நேரத்துக்கும் விடுதியிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். நகரத்து ஓட்டலுக்குப் போவது போல ஊரெல்லாம் சுற்றிவிட்டு இரவு 8 மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் நின்றால், கொடுத்த பணத்தில் பாதி வீண். முதல் முறை நான் அப்படித்தான் போய் நின்றேன். சமையலறை மூடும் நேரத்தில் எனக்காக ஒரு பெண்மணி தனியாகக் காத்திருந்தார். ஆறிப்போன மீனைப் பரிமாறும்போது அவர்தான் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கூச்சத்தில் பிறந்தவையே இந்தக் குறிப்புகள்.

இரண்டு சொற்களை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. வெந்நீர் ஊற்றை ஒன்சென் என்றும், பாய் விரித்த அறைகளும் வேளை உணவும் கொண்ட மரபான விடுதியை ரியோகான் என்றும் ஜப்பானியர் அழைக்கிறார்கள். இந்த விடுதி மரபு மிகப் பழையது. யாமனாஷி மாவட்டத்து மலைகளுக்குள் இருக்கும் கெயுன்கான் என்ற விடுதி கி.பி. 705-ஆம் ஆண்டில் தொடங்கியது. உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸ் நூல் அதைப் பதிவு செய்திருக்கிறது. ஒன்சென் என்ற சொல்லையும் யாரும் விருப்பம்போலப் பயன்படுத்திவிட முடியாது. ஊற்றிலிருந்து வெளிவரும்போது நீர் 25 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது உரிய அளவில் அதில் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முறை போகிறவர்கள் டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹக்கோனேயைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ரயில் வசதி உண்டு, ஆங்கிலம் பேசும் விடுதிகளும் நிறைய உண்டு. அதற்கேற்பக் கூட்டமும் உண்டு. குன்மா மாவட்டத்துக் குசாத்சு இன்னொரு வகை. ஊரின் நடுவிலேயே ஆவி பறக்கும் ஊற்று மரக் கால்வாய்கள் வழியாக இறங்கி ஓடும். அதன் நீர் எலுமிச்சைச் சாற்றோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு அமிலம் மிகுந்தது, அதோடு கடுஞ்சூடானது. பச்சைத் தண்ணீர் விட்டால் ஊற்றின் தன்மை கெடும் என்பதால், நீண்ட மரப்பலகைகளால் துழாவித் துழாவியே அதை ஆற்றும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. கியூஷு தீவின் குரோகாவாவில், ஊரின் விடுதிகள் எல்லாம் கூடி 1986 முதல் ஒரு மர வில்லையை விற்கின்றன. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் மூன்று விடுதிகளின் குளங்களில் குளிக்கலாம்.

என்னைக் கேட்டால், இரண்டு இரவுகள் ஒதுக்க முடிந்தவர்கள் வடக்கே அகித்தா மாவட்டத்து நியூத்தோ வெந்நீர் ஊற்றுகளுக்குப் போக வேண்டும் என்பேன். ஒரு மலையடிவாரக் காட்டில் சிதறிக் கிடக்கும் ஏழு விடுதிகள்தாம் அந்த ஊர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊற்று. டோக்கியோவிலிருந்து கொமாச்சி புல்லட் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் தாசவாகோ நிலையம் வந்துவிடும். அங்கிருந்து பேருந்தில், ஜப்பானின் மிக ஆழமான ஏரியான 423 மீட்டர் ஆழத் தாசவா ஏரியைக் கடந்து, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மலையேற வேண்டும். ஏழில் மிகவும் பெயர்பெற்ற சுருநோயு விடுதியில் ஒன்றுக்கொன்று தன்மை மாறுபட்ட நான்கு ஊற்றுகள் 50 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. அதன் திறந்தவெளிக் குளத்து நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். பனிக்காலத்தில் இடம் கிடைப்பது கடினம். குரோயு என்ற விடுதி அந்தப் பருவத்தில் மூடியே கிடக்கும்; ஆகவே போகிற மாதத்தை முடிவு செய்துகொண்ட பிறகே விடுதியைத் தேட வேண்டும்.

விடுதியின் விளம்பரத்தில் மற்ற எதையும்விட நீரைப் பற்றிய வரியைத் தேடிப் படிப்பது நல்லது. ‘கென்சென் காக்கெநாகாஷி’ என்று குறிப்பிட்டிருந்தால், ஊற்று நீர் தொடர்ந்து குளத்துக்குள் வந்து நிரம்பி வழிந்து வெளியேறுகிறது, அதே நீரை வடிகட்டித் திரும்பச் சுழற்றுவதில்லை என்று பொருள். 2004-ஆம் ஆண்டில், வெண்ணிற நீருக்குப் பெயர்பெற்ற நாகானோ மாவட்டத்துச் சிரஹோனேயில் சில இடங்களில் குளியல் பொடி கலந்து நீரை வெளுப்பாக்கியது அம்பலமாகிப் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு மறு ஆண்டே விதிகள் இறுக்கப்பட்டு, நீரைச் சூடாக்குகிறார்களா, வேறு நீர் கலக்கிறார்களா, சுழற்றுகிறார்களா, ஏதேனும் பொருள் சேர்க்கிறார்களா என்பதை எழுதி வைப்பது கட்டாயமானது. உடைமாற்றும் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாள் இதைத்தான் சொல்கிறது.

முன்பதிவும் சாப்பாட்டுப் பேச்சும்

கட்டணத்தை அறைக்கு இவ்வளவு என்று கணக்கிடாமல் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. ஓர் இரவும் இரண்டு வேளை உணவும் சேர்ந்த வழக்கமான ஏற்பாட்டுக்கு, நடுத்தர விடுதியில் ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகலாம்; கணவனும் மனைவியும் போனால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் குளியல் வரி என்று ஒன்று உண்டு. பெரும்பாலான ஊர்களில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 யென். சனிக்கிழமை இரவிலும் விடுமுறைக்கு முந்தைய இரவிலும் விலை ஏறும். தனியாகப் போகிறவரைச் சில விடுதிகள் ஏற்பதே இல்லை. புத்தாண்டு, ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான தொடர் விடுமுறை, ஆகஸ்டு நடுப்பகுதியின் முன்னோர் வழிபாட்டு நாட்கள் ஆகிய மூன்று காலங்களையும் தவிர்த்துவிட்டு, வாரநாளில் போவதே புத்திசாலித்தனம்.

சைவ உணவுக்காரர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கோன்பு என்ற கடற்பாசியோடு, உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனின் சீவல்களைக் கொதிநீரில் போட்டு வடித்தெடுப்பது அதன் வழக்கமான செய்முறை. நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு என்று அந்தச் சீவலைச் சொல்லலாம். சூப்பில், வேகவைத்த காய்கறியில், கீரை மேல் ஊற்றும் நீரில், முட்டைப் பணியாரத்தில் என்று எங்கும் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ‘நான் சைவம்’ என்று மட்டும் சொன்னால், மீன் துண்டை எடுத்துவிட்டு மீன் சாற்றில் வெந்த முள்ளங்கியை அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, சாறும் மீன் கணக்கில் சேரும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆகவே முன்பதிவின்போதே, இறைச்சியும் மீனும் வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம், கோன்பு அல்லது ஷீத்தாகே காளானில் வடித்த தாஷி போதும், முட்டையும் பாலும் ஆகும் அல்லது ஆகாது என்று தனித்தனி வரிகளாக ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்ப வேண்டும். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்னால் பதில் வந்துவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு சொன்னால் எதையும் மாற்ற இயலாது, ஏனென்றால் அன்றைய சமையல் காலையிலேயே தொடங்கியிருக்கும். முடியாது என்று பதில் வந்தால் அதை மரியாதைக் குறைவாக எண்ணாமல் வேறு விடுதியைப் பார்ப்பதே சரி. முழுச் சைவம் உறுதியாக வேண்டும் என்பவர்களுக்கு வாகாயாமா மாவட்டத்துக் கோயாசான் மலையின் புத்தக் கோயில் விடுதிகள் உண்டு. துறவியர் சமையலான ஷோஜின் ரியோரியில் இறைச்சிக்கும் மீனுக்கும் இடமில்லை. அங்கே வெந்நீர் ஊற்று உள்ள ஒரே கோயில் விடுதி ஃபுக்குச்சி-இன் ஆகும்.

போய்ச் சேருதல்

மலைப் பேருந்துகள் மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் விடுதிக்குள் இருக்கும்படி ரயிலைத் தேர்ந்தெடுத்து, நிலையத்திலிருந்தோ பேருந்து நிறுத்தத்திலிருந்தோ அழைத்துப்போகும் வண்டி உண்டா என்று கேட்டு, வரும் நேரத்தை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். பெரிய பெட்டிகளைக் கூரியர் மூலம் அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான தோள்பை மட்டும் எடுத்துப்போவது ஜப்பானில் எல்லோரும் செய்வது. பழைய விடுதிகளின் மரப்படிகள் குறுகலானவை. மின்தூக்கியை எதிர்பார்க்கக் கூடாது. ரொக்கம் கையில் இருக்கட்டும். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டைப் படியெடுத்துக்கொள்வது அங்கே நடைமுறை, அதற்காகச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

வாசலில் தரை ஒரு படி உயரும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். இது நம் வீட்டு வழக்கந்தான் என்பதால் ஐரோப்பியர் தடுமாறும் இடத்தில் நாம் தடுமாறுவதில்லை; நாம் தடுமாறுவது அதற்கு அடுத்த கட்டத்தில். நடைவழிக்கு ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு தருவார்கள். தத்தாமி என்ற கோரைப்பாய் விரித்த அறைக்குள் அதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடோ காலுறையோடோதான் நுழைய வேண்டும். கழிப்பறைக்குள் மட்டும் அணிவதற்கு வேறொரு ஜோடி அங்கேயே இருக்கும். அதை மாட்டிக்கொண்டே நடைவழியில் பாதி தூரம் நடந்து வந்து, எதிரில் வந்த பணிப்பெண்ணின் பார்வை என் காலில் பட்டு உடனே விலகியதைக் கண்டு திரும்பி ஓடியவன் நான்.

அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள்; பத்துப் பாய் அறை என்றால் ஏறக்குறைய 16 சதுர மீட்டர். கட்டில் இருக்காது, தாழ்ந்த மேசையும் காலில்லாத நாற்காலியும் இருக்கும். சுவரில் ஓர் ஓவியச் சுருளும் அதன் கீழே ஒரு பூச்சாடியும் வைத்த மாடம் ஒன்று தெரியும். பெட்டி வைக்க வாகாகத்தான் தோன்றும், ஆனால் அந்த மாடம் அறையின் பூசையிடம் போன்றது. அங்கே எதையும் வைக்கக் கூடாது. பணிப்பெண் வந்து முழங்காலிட்டுத் தேநீர் ஊற்றி, ஒரு சிறு இனிப்பையும் வைத்து, இரவு உணவு எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்பார். 6 மணி அல்லது ஆறரை என்று சொல்லிவிடலாம். அந்த இனிப்பை உண்ணாமல் ஒதுக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றும் என்பதால் அதைக் குளியலுக்கு முன்னேற்பாடு என்று சொல்வார்கள்.

அறை அலமாரியில் யுகாத்தா என்ற பருத்தி அங்கி மடித்து வைத்திருக்கும். இடப்பக்கம் மேலே வரும்படி, அதாவது வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி அதன்மேல் இடப்பக்கத்தைப் போர்த்திக் கச்சையால் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு இல்லை. குளிருக்கு மேலே போட ஒரு குட்டை அங்கியும் இருக்கும். குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஊருக்குள் உலாவுவதற்கும் இந்த ஒரே உடைதான்.

குளியல்

அறையில் இருக்கும் பெரிய துண்டு உடம்பு துவட்ட, சிறிய துண்டு குளத்துக்கு எடுத்துப்போக. கழற்ற வேண்டியதையெல்லாம் அறையிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். கந்தகம் கலந்த ஊற்றில் வெள்ளி சில நிமிடங்களில் கறுத்துவிடும். மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண், மோதிரம் எதுவும் தப்பாது. என் மனைவி மெட்டியைக் கழற்ற மனமில்லாமல் இறங்கி, கரித்துண்டு போன்ற மெட்டியோடு கரையேறினார். வீட்டுக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்ததில் பளபளப்பு திரும்பியது, கம்பி முறுக்கின் இடுக்குகளில் மட்டும் கருமை இன்னும் இருக்கிறது.

குளியலறை வாசலில் துணித்திரை தொங்கும். நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு என்பது பொது வழக்கம். நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு: மேற்பகுதியில் நான்காகப் பிரித்த வயல் போன்ற சதுரக் கட்டம் இருந்தால் ஆண், கட்டமே இல்லாமல் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வெட்டிக்கொண்டால் பெண். இரவிலோ அதிகாலையிலோ பல விடுதிகள் திரையை இடம் மாற்றிவிடும், எல்லா விருந்தினரும் இரண்டு குளங்களையும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று மாலை நுழைந்த அதே வாசலில் இன்று காலை கண்ணை மூடிக்கொண்டு நுழையக் கூடாது.

உள்ளே உடை எதுவும் கிடையாது, நீச்சலுடையும் கூடாது. துணி உடுத்தியே குற்றாலத்திலும் ஆற்றிலும் குளித்துப் பழகிய நமக்கு இதுதான் பெரிய தடை. பலர் இதற்காகவே பயணத்தைக் கைவிடுகிறார்கள். ஆணும் பெண்ணும் வெவ்வேறு குளங்கள்தாம், உள்ளே யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, சிறிய துண்டால் முன்புறத்தை மறைத்தபடி நடப்பது அங்கேயும் இயல்பு. கூச்சம் முதல் ஐந்து நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் குடும்பமாகவோ தனியாகவோ தாழிட்டுக் குளிக்கும் ‘காஷிகிரி’ குளம் உள்ள விடுதியைத் தேர்ந்தெடுக்கலாம். வந்தவுடனே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். நியூத்தோ போன்ற இடங்களில் இருபாலரும் கலந்து குளிக்கும் திறந்தவெளிக் குளங்கள் இன்னும் உண்டு. பால்நிற நீர் கழுத்துவரை மறைத்துவிடும், பெண்களுக்குத் தனிக் குளமும் பக்கத்தில் இருக்கும். பச்சை குத்தியிருப்பவர்கள் முன்பே கேட்டுவிடுவது அவசியம். 2015-இல் ஜப்பான் சுற்றுலா முகமை கேட்டபோது, பதிலளித்த விடுதிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. கையில் பாட்டி குத்திவிட்ட சிறு கோலமானாலும், அதை மூடி ஒட்டுவதற்கு ஒரு ஒட்டுத்துணியை எடுத்துப்போவது நல்லது.

குளம் ஊறுவதற்கு மட்டுமே. அழுக்குத் தேய்ப்பது அதற்கு வெளியே. சுவரோரம் தாழ்ந்த முக்காலிகளும் குழாய்களும் வரிசையாக இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்காமல், தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டுக் கழுவி, நுரை ஒரு துளிகூட இல்லாதபடி அலசிவிட்டு, உட்கார்ந்த முக்காலிக்கும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்திருக்க வேண்டும். நீண்ட முடியை உச்சியில் முடிந்துகொள்ள வேண்டும். பிறகு குளத்து நீரையே சிறு வாளியில் மொண்டு, முதலில் பாதத்திலும் பிறகு முழங்கால், இடுப்பு, தோள் என்றும் மேல்நோக்கி ஊற்றிக்கொண்டால் உடம்பு சூட்டுக்குப் பழகும். பெரும்பாலான குளங்கள் 40 முதல் 42 பாகை வரை இருக்கும். குதிக்காமல், அலையெழுப்பாமல், இடுப்புவரை முதலில் அமர்ந்து, ஒரு நிமிடம் கழித்துத் தோள்வரை இறங்கலாம். தலையை முக்கக் கூடாது. சிறிய துண்டு நீரில் படக் கூடாது; அதை மடித்து உச்சந்தலையில் வைத்துக்கொள்வார்கள், முதலில் வேடிக்கையாக இருக்கும், பிறகு நாமும் வைத்துக்கொள்வோம்.

ஒரு முறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும். ஏறிக் கரையில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி இறங்கலாம். நெற்றி வியர்த்து இதயத் துடிப்பு காதில் கேட்கத் தொடங்கினால் உடனே எழுந்துவிட வேண்டும், அதையும் மெதுவாக. நம் எண்ணெய்க் குளியலைப் போலவே இதுவும் உடம்பை அசத்திவிடும். ஆசைப்பட்டு ஒரே நாளில் ஐந்தாறு முறை குளிப்பவர்களுக்கு வரும் சோர்வுக்கும் மயக்கத்துக்கும் ஜப்பானியத்தில் ‘யுவாத்தாரி’ என்று பெயரே இருக்கிறது. வந்தவுடன் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, காலையில் ஒன்று என்று மூன்று முறையே நிறைவானது. மது அருந்திவிட்டு இறங்கக் கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள், குறிப்பாகப் பனி கொட்டும் இரவில் திறந்தவெளிக் குளத்துக்கும் சூடான அறைக்குமாக அலைபவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்கள் வெந்நீர் ஊற்றில் குளிக்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014-இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் வழுக்கும் கல்தரையையும் நீண்ட ஊறலையும் தவிர்ப்பது நலம். பிள்ளைகள் ஏழு வயதை நெருங்கிவிட்டால் எதிர்ப்பாலினக் குளத்துக்கு அழைத்துப்போகக் கூடாது.

வெளியேறும்போது பிழிந்த சிறு துண்டால் உடம்பை ஒற்றிவிட்டுத்தான் உடைமாற்றும் அறைக்குள் கால்வைக்க வேண்டும். அங்கே தரை நனைவதை யாரும் விரும்புவதில்லை. ஊற்று நீரை நல்ல தண்ணீரால் கழுவிக்கொள்ள வேண்டியதில்லை, தோலிலேயே காயவிடுவார்கள். குசாத்சு போன்ற கடும் அமில நீரில் மட்டும், மெல்லிய தோல் உள்ளவர்கள் அலசிவிடுவது நல்லது. கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரவு உணவும் படுக்கையும்

சொன்ன நேரத்துக்கு யுகாத்தாவோடே போய் உட்கார்ந்தால், தட்டு தட்டாக வரும். மலை விடுதியில் கடல் மீனைவிட ஆற்று மீனும் காட்டுக் கீரையும் காளானுமே சிறப்பு. வளைந்து நீந்துவது போல் குச்சியில் கோத்து, துடுப்புகளில் உப்பு அப்பி, கனலைச் சுற்றி நட்டுச் சுட்ட இவானா மீனை மலையூர்களில் தவறவிடக் கூடாது. அகித்தாவில், சோற்றை மசித்து மரக்குச்சியில் உருளையாகப் பிடித்துச் சுட்டுக் கோழிச் சாற்றில் போடும் கிரிதான்போவும், புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாயும் கிடைக்கும். உங்கள் முன்னால் ஒரு சிறிய அடுப்பில் நீல மெழுகு போன்ற எரிபொருள் கட்டியைப் பற்றவைத்துவிட்டுப் போவார்கள். அதை ஊதி அணைக்கவோ மூடியைத் திறந்து பார்க்கவோ வேண்டாம். கட்டி தானாக எரிந்து தீரும் நேரமும் சட்டியில் உள்ளது வேகும் நேரமும் ஒன்றே. சோறு கடைசியில்தான் வரும், சூப்போடும் ஊறுகாயோடும். அதற்குள் வயிறு நிறைந்துவிடுவதால், சோறில்லாமல் சாப்பிட்டதாகவே தோன்றாத நம்மவர்கள் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முகம் சுளிக்க மாட்டார்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் சாவுச் சடங்குகளுக்கு உரியவை.

அறைக்குத் திரும்பும்போது மேசை ஓரமாக நகர்ந்து, நடுவில் பஞ்சு மெத்தைகள் விரிந்திருக்கும். நீங்கள் இல்லாதபோது ஆள் வந்து போவார்கள் என்பதால் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் அறையின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவது நல்லது. சுவர்கள் காகிதமும் மரமும்தான். பக்கத்து அறையின் இருமல்கூடக் கேட்கும், 9 மணிக்கு மேல் தாழ்ந்த குரலில் பேச வேண்டும்.

காலையில் 5 மணி சுமாருக்கு எழுந்து குளத்துக்குப் போகிறவருக்கு அது பெரும்பாலும் தனிச் சொத்தாகவே கிடைக்கும். 7 மணிக்கு மேல் காலை உணவு: சோறு, சூப்பு, சுட்ட மீன், கடற்பாசித் தாள், நூல் நூலாக இழுபடும் நாத்தோ என்ற நொதித்த சோயா. வெந்நீர் ஊற்று முட்டையும் வரும். மஞ்சள் கரு 70 பாகைக்குள் இறுகத் தொடங்கிவிடும், வெள்ளைக் கரு முழுதாக இறுக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். ஊற்று நீரில் கிடந்த முட்டையில் ஆகவே உள்ளே கெட்டியும் வெளியே கூழுமாக, நம் அவித்த முட்டைக்கு நேர்மாறாக இருக்கும்.

கிளம்பும்போது மெத்தையை மடித்து அடுக்க வேண்டியதில்லை, யுகாத்தாவை மட்டும் ஓரமாக மடித்து வைத்தால் போதும். தனியாக அன்பளிப்புப் பணம் எதிர்பார்க்க மாட்டார்கள், நீட்டினால் சங்கடப்படுவார்கள். விடுதியின் தலைவியான ஒகாமி வாசலுக்கு வந்து, வண்டி வளைவில் மறையும்வரை கையசைத்துக்கொண்டு நிற்பார், ஆகவே வண்டி புறப்பட்டதும் கைபேசியைக் கையில் எடுக்காமல் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருங்கள். ஊற்றில் நனைந்த உங்கள் சொந்தத் துண்டு ஏதாவது இருந்தால் அதைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். நான் கட்டாமல் விட்டதில், அடுத்த மூன்று நாளும் டோக்கியோ ரயிலில் என் சட்டையெல்லாம் தீப்பெட்டி வாடை அடித்தது.